இளஞ்சிவப்புச் சீருடையும் ஆரஞ்சு நிறக் கூரையும்

நீங்கள் வாங்கியிருக்கும் இளஞ்சிவப்பு உடையை விற்றவர், அது 1950களில் ஹோவர்ட் ஜான்சன்ஸ் உணவகத்தில் பரிமாறிய பெண்ணின் சீருடை என்று சொல்லியிருக்கிறார். அது உண்மைதானா, அமெரிக்க நெடுஞ்சாலை உணவகங்களுக்கு இப்படியொரு உடை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை இது: சீருடை என்பது உண்மையாக இருக்கலாம், ஹோவர்ட் ஜான்சன்ஸ் என்பதற்கு நீங்கள் விவரித்தவற்றில் சான்று எதுவும் இல்லை, 1950கள் என்பது பெரும்பாலும் தவறு. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதலாவது விளங்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். திரைப்படங்களில் பார்த்துப் பழகிய ‘டைனர்’ வேறு, சாலையோரத் தொடர் உணவகம் வேறு. டைனரின் முன்னோடி ஒரு குதிரை வண்டி. 1872இல் ராட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர், இரவு வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு விற்பதற்காக ஒரு வண்டியைத் தெருவில் நிறுத்தினார். அந்த வண்டி வளர்ந்து, இரயில் பெட்டியைப் போன்ற வடிவம் பெற்று, தொழிற்சாலையில் முழுதாகச் செய்யப்பட்டு, விற்கும் இடத்துக்கு அப்படியே கொண்டுபோய் இறக்கப்படும் கட்டடமாக மாறியது. மாசசூசெட்ஸில் 1906இல் தொடங்கிய உஸ்டர் லஞ்ச் கார் நிறுவனம் இத்தகைய பெட்டிகளுக்குப் பெயர்பெற்றது. ஆனால் பெட்டிகளைச் செய்தவர்தான் ஒருவர். வாங்கி நடத்தியவர்கள் பெரும்பாலும் தனித்தனிக் குடும்பங்கள். அங்கே கவுண்டருக்குப் பின்னால் நின்றவரும் முன்னால் உட்கார்ந்தவரும் நெடுங்காலம் ஆண்கள்தாம். 1920களில் பெண் வாடிக்கையாளர்களையும் ஈர்க்க நினைத்தபோது, ‘பெண்களும் வரலாம்’ என்ற பொருளில் வெளியே எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே டைனரில் பரிமாறிய பெண்ணின் உடையைத் தேடிப் போனால் கதையின் தொடக்கம் கிடைக்காது.

பயணம் செய்யும் அமெரிக்கருக்குச் சீருடை அணிந்த பெண் சோறு பரிமாறும் வழக்கத்தை நிலைநாட்டியது இரயில் பாதை. இலண்டனில் பிறந்து இளம் வயதில் அமெரிக்காவுக்கு வந்த ஃப்ரெட் ஹார்வி, 1876இல் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நிலையத்தில் உணவகம் ஒன்றைத் தொடங்கினார். சாண்டா ஃபே இரயில் நிறுவனத்தோடு அவர் செய்துகொண்ட ஏற்பாட்டால், அந்தப் பாதை மேற்கே நீள நீள அவருடைய உணவகங்களும் நிலையத்துக்கு நிலையம் பெருகின. அமெரிக்காவின் முதல் தொடர் உணவகம் என்று அதைச் சொல்வதில் தவறில்லை. 1883இல் நியூ மெக்சிகோவின் ரட்டோன் நிலையத்தில் பரிமாறிய ஆண்களுக்குள் கைகலப்பு நடந்து, மறுநாள் வேலைக்கு ஆள் தேறாத நிலை ஏற்பட, ஹார்வி அத்தனை பேரையும் நீக்கிவிட்டுப் பெண்களை அமர்த்தினார். நல்ல நடத்தையும் அறிவும் கொண்ட, 18 முதல் 30 வயதுக்குட்பட்ட பெண்கள் தேவை என்று கிழக்கு மாநிலங்களின் செய்தித்தாள்களில் விளம்பரம் போனது. வந்தவர்களுக்குத் தங்கும் விடுதி, கண்காணிக்க ஒரு மூத்த பெண்மணி, இரவு இத்தனை மணிக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு எல்லாம் இருந்தன.

அவர்களுடைய உடை கறுப்பு. கழுத்தை ஒட்டிய காலர், கறுப்புக் காலுறை, கறுப்புக் காலணி, தரையிலிருந்து எட்டு அங்குலத்துக்கு மேல் உயராத பாவாடை விளிம்பு, அதன்மேல் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை ஏப்ரன், கூந்தலில் வெள்ளை நாடா. ஏப்ரனில் ஒரு துளி கறை பட்டாலும் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவு கடுமை ஏன் என்றால், அந்தக் காலத்தில் முன்பின் தெரியாத ஆண்களுக்குப் பொது இடத்தில் பரிமாறும் பெண்ணைப் பற்றி ஊர் நல்லவிதமாகப் பேசாது. அந்தப் பேச்சுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்ட பதில்தான் கன்னியாஸ்திரியை நினைவூட்டும் அந்த உடை. வேலையோ இராணுவத் துல்லியம் கொண்டது. இரயில் நிற்கும் அரை மணி நேரத்துக்குள் அத்தனை பயணிகளும் சாப்பிட்டு எழ வேண்டும். அதற்காக ஒரு கோப்பைக் குறி வைத்திருந்தார்கள். விருப்பம் கேட்கும் பெண், கோப்பையைச் சாசரில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனால் காப்பி. கவிழ்த்து வைத்தால் சூடான தேநீர். கவிழ்த்துச் சாசரின் விளிம்பில் சாய்த்து வைத்தால் ஐஸ் தேநீர். சாசரை விட்டு அப்பால் நகர்த்தி வைத்தால் பால். பின்னால் வரும் பெண் ஒரு வார்த்தை கேட்காமல் சரியான பானத்தை ஊற்றிக்கொண்டே போவார். தான் சொன்னது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று பயணி வியப்பார்.

கறுப்பு எப்போது வெளுத்தது? அதற்குப் பொறுப்பு, உணவின் சுத்தத்தைப் பற்றி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்களைப் பிடித்த அச்சம். நியூயார்க்கில் சைல்ட்ஸ் என்ற தொடர் உணவகம் சுவருக்கு வெள்ளை ஓடு பதித்து, பரிமாறும் பெண்களுக்கு மருத்துவமனைச் செவிலியரைப் போலக் கஞ்சி போட்ட வெள்ளை உடை கொடுத்தது. அரைத்த இறைச்சி என்றாலே முகம் சுளித்த காலத்தில், 1921இல் கான்சஸின் விச்சிடா நகரில் ஐந்து சென்ட் ஹாம்பர்கரோடு தொடங்கிய ஒயிட் காஸில், பெயரிலும் கட்டடத்திலும் ஊழியர் உடையிலும் வெள்ளையையே வைத்தது. அங்கே இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வரும்வரை வேலை செய்தவர்கள் ஆண்கள். அந்த நிறுவனத்தின் பில்லி இங்கிராம், நாளுக்கு நாள் துணித் தொப்பியை வெளுக்கும் செலவைத் தவிர்க்கக் காகிதத் தொப்பி செய்ய ஆரம்பித்து, 1932இல் அதற்கென்றே தனி நிறுவனம் நிறுவினார். துரித உணவுக் கடைகளின் மடிப்புக் காகிதத் தொப்பி பரவியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்குள் கார் வந்துவிட்டது. அதே 1921இல் டெக்ஸஸின் டாலஸில் திறக்கப்பட்ட பிக் ஸ்டாண்டு, காரிலிருந்து இறங்காமலேயே சாப்பிடலாம் என்ற வசதியைத் தொழிலாக்கியது. வண்டி நிற்பதற்குள் அதன் பக்கப்படியில் தாவி ஏறி ஆர்டர் வாங்கிய பையன்களுக்குத்தான் ‘கார்ஹாப்’ என்று பெயர் வந்தது. 1930களில் அந்த இடத்துக்குப் பெண்கள் வந்ததும் உடையின் நோக்கமே தலைகீழாகிவிட்டது. 1940 பிப்ரவரி 26ஆம் தேதி லைஃப் இதழின் அட்டையில் ஹூஸ்டன் நகரத்துக் கார்ஹாப் பெண் ஒருவரின் படம் வந்தது. அணிவகுப்பில் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் நடப்பவரைப் போன்ற உடுப்பு. ஹார்வி உடை எதை மறைக்கப் பாடுபட்டதோ, அதைக் காட்டித்தான் இது காரை நிறுத்தியது. சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் 1940இல் திறந்த கடையிலும் கார்ஹாப் பெண்கள் இருந்தார்கள்; அவர்களைப் பார்க்க விடலைப் பையன்கள் கூடிக் குடும்பங்கள் வராமல் போனதாகக் கருதிய சகோதரர்கள், 1948இல் கடையைச் சில மாதம் மூடி, பரிமாறும் முறையையே ஒழித்துவிட்டுத் திறந்தார்கள். நெடுஞ்சாலைச் சீருடையின் முடிவு அங்கேயே தொடங்கிவிட்டது. அப்போது அது யாருக்கும் தெரியாது. (ரோலர் ஸ்கேட்டில் வழுக்கிவந்து தட்டு நீட்டும் பெண், நினைவுப் படங்களில் தென்படும் அளவுக்கு எங்கும் இருந்தவர் அல்ல. கையில் நிறைந்த தட்டு, சரளைக்கல் பரப்பிய தரை. நினைத்துப் பார்த்தாலே தெரியும்.)

இனி ஹோவர்ட் ஜான்சன்ஸ். 1925இல் மாசசூசெட்ஸின் குயின்ஸி நகரத்தின் உல்லஸ்டன் பகுதியில், கடனோடு இருந்த ஒரு மருந்துக் கடையை ஹோவர்ட் டீரிங் ஜான்சன் வாங்கி, அதன் ஐஸ்கிரீமைச் சீர்செய்து பணம் பார்த்தார். 28 வகை ஐஸ்கிரீம் என்பது பின்னாளில் அவருடைய விளம்பர முத்திரையானது. 1935இல் கேப் காட் பகுதியில் நண்பர் ஒருவர் தம் செலவில் கட்டிய உணவகத்துக்குப் பெயரையும் பண்டத்தையும் கொடுத்து, கிளை உரிமை என்ற முறையைப் பெரிய அளவில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தூரத்தில் வேகமாக வரும் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூரைக்கு ஆரஞ்சு வண்ணம். 1940இல் பென்சில்வேனியா சுங்கச்சாலை திறந்தபோது அதன் உணவகங்களை நடத்தும் உரிமையும் கிடைத்தது. போர்க்காலப் பெட்ரோல் பங்கீட்டில் சாலைகள் வெறிச்சோடி, 1944இல் ஏறத்தாழ ஒரு டஜன் உணவகங்களே எஞ்சின. போர் முடிந்து, 1956இன் நெடுஞ்சாலைச் சட்டமும் வந்த பிறகு ஏற்பட்ட வளர்ச்சியில், 1970களின் இறுதியில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது எண்ணிக்கை.

இந்த முறையின் உள்ளிருக்கும் கணக்கைப் பார்த்தால் சீருடையின் இடம் புரியும். உணவு மத்தியச் சமையற்கூடத்தில் தயாராகி உறைந்த நிலையில் லாரியில் வரும். கிளையில் இருப்பவர் சூடுசெய்தால் போதும். கட்டடம் ஒரே வரைபடம், விலைப்பட்டியல் ஒரே அச்சு. ஐந்நூறு மைல் தள்ளி வேறொரு மாநிலத்தில் இறங்கும் குடும்பத்துக்கு முன்பின் தெரியாததாக அங்கே இருக்கக்கூடியது ஒன்றே ஒன்று, தட்டைக் கொண்டுவந்து வைக்கும் பெண். அவரையும் தெரிந்தவராக ஆக்குவதற்கு உடை தேவைப்பட்டது. கூரை சாலையிலிருந்து கொடுத்த வாக்கை மேசையருகில் நின்று மறுபடி சொல்வது அந்த உடையின் வேலை. என் பார்வையில் அது கட்டடத்தின் நடமாடும் பகுதி. பின்னர் வந்த பாப் வியனின் பிக் பாய் (1936), டெனிஸ் (1953), வாஃபிள் ஹவுஸ் (1955), ஐஹாப் (1958) ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இவற்றில் சிலவற்றின் உடை அழகு, சிலவற்றினுடையது கண்றாவி. அதற்குமேல் பிரித்துச் சொல்ல அதிகமில்லை.

அந்த வாக்கு எல்லோருக்கும் கொடுக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1957 அக்டோபரில் கானா நாட்டின் நிதியமைச்சர் கொம்லா அக்பெலி பெடெமா, டெலவேர் மாநிலத்தின் டோவர் அருகே ஒரு ஹோவர்ட் ஜான்சன்ஸில் ஆரஞ்சுச் சாறு கேட்டார். சாற்றைக் கொடுத்தார்கள்; கறுப்பர் என்பதால் உள்ளே உட்கார்ந்து குடிக்கக் கூடாது என்றார்கள். செய்தி உலகெங்கும் பரவ, குடியரசுத் தலைவர் ஐசனோவர் அவரை வெள்ளை மாளிகைக்குக் காலையுணவுக்கு அழைத்துச் சமாளிக்க நேர்ந்தது. 1962இல் கோர் என்ற இனச் சமத்துவ அமைப்பு, நெடுஞ்சாலைகளில் நடத்திய போராட்டத்தில் இந்த நிறுவனத்தின் கிளைகளையும் இலக்காக வைத்தது. பொது உணவகங்களில் நிறப் பாகுபாட்டை 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் தடைசெய்யும்வரை, அதே கூரையும் அதே சீருடையும் சிலருக்கு ‘இங்கே நிற்காதே’ என்ற பொருளைத் தந்தன. பழைய சீருடைகளைச் சேகரிப்பவர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இனித் துணிக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இளஞ்சிவப்பு, புதினாப் பச்சை, வெளிர்மஞ்சள் ஆகிய நிறங்கள் பெருகியது போருக்குப் பிறகு. ஆனால் பெரும்பாலான உணவகங்கள் இவற்றைத் தனியாக வடிவமைக்கவில்லை. செயின்ட் லூயிஸ் நகரின் ஆஞ்செலிகா போன்ற சீருடை நிறுவனங்களின் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கின. அதே வெட்டு வெள்ளையில் செவிலியருக்கும், கறுப்பில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும், வெளிர்நிறத்தில் அழகு நிலையத்துக்கும் உணவகத்துக்கும் போனது. இன்று ‘டைனர் சீருடை’ என்று விற்கப்படுபவற்றில் பல, கூந்தல் சுருட்டும் நிலையத்தில் உழைத்தவை என்பது என் கணிப்பு.

வேலை அந்த உடையில் எழுதியிருக்கும், பார்க்கத் தெரிய வேண்டும். நீங்கள் சொன்னதுபோல் பொத்தான்கள் தையலில் இல்லாமல், இரு பக்கமும் தைத்த துளைக்குள் நுழைந்து பின்னால் சிறு வளையத்தால் பிடிபட்டிருக்கின்றன அல்லவா? சலவைத் தொழிற்சாலையின் சூடான உருளைகளுக்கு நடுவே துணி நசுங்கிப் போகும்போது பொத்தான் உடைந்துவிடும். அதனால் வெளுக்கப் போடும் முன் கழற்றி, வந்தபின் மாட்டுவார்கள். தோளுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பு, எட்டித் தட்டு வைக்கும்போது விரியக் கொடுத்தது. ஏப்ரனின் ஆழமான பை டிப்ஸ் காசுக்கு, மார்புப் பை ஆர்டர் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும். இடது மார்பில் பெயர்ப் பட்டைக்குப் பின்னால் விசிறிபோல் மடித்துக் குத்திய லேஸ் கைக்குட்டை மட்டும் எந்தப் பயனும் இல்லாதது. தலை முதல் கால்வரை நிறுவனம் சொன்னபடி உடுத்த பெண், பல இடங்களில், தானாகத் தேர்ந்துகொள்ள முடிந்தது அந்தக் கைக்குட்டை ஒன்றைத்தான் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. பெயர்ப் பட்டையிலோ முதற்பெயர் மட்டும். வாடிக்கையாளர் அவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அவர் வாடிக்கையாளரை ‘சார்’ என்றுதான் அழைக்க வேண்டும்.

இந்த உடைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். பல இடங்களில் சம்பளத்தில் பிடித்தார்கள். துவைத்துக் கஞ்சி போடுவது வீட்டில், இரவு வேலை முடிந்த பிறகு. சியாட்டிலில் 1900இல் ஆலிஸ் லார்டு முன்னின்று அமைத்ததைப் போன்ற பரிமாறும் பெண்களின் சங்கங்கள் வலுவாக இருந்த நகரங்களில், சீருடையை முதலாளியே கொடுத்து வெளுத்தும் தர வேண்டும் என்பது சம்பளத்துக்கு இணையான கோரிக்கை. 1938இன் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பயன் உணவக ஊழியரை எட்டியது 1966இன் திருத்தத்தில்தான். அதிலும் டிப்ஸைக் காட்டி ஊதியத்தில் பாதிவரை குறைத்துக்கொள்ள முதலாளிக்கு வழி விட்டார்கள். டிப்ஸ் வாங்குபவருக்கு நிறுவனம் தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சம் 1991இலிருந்து மணிக்கு 2.13 டாலர், பல மாநிலங்கள் தம் சட்டத்தால் இதைவிட அதிகம் தரச் செய்கின்றன. வாடிக்கையாளர் மனம் கனிந்தால்தான் வருமானம் என்றான பிறகு, உடையைத் தேய்த்துக் கைக்குட்டையை அழகாக மடிப்பது அவருக்குத் தொழில் முதலீடு.

வீழ்ச்சியை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கவுண்டரில் தாமே வாங்கிச் செல்லும் துரித உணவு நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டது. 1970களில் பழுப்பும் ஆரஞ்சுமான பாலியஸ்டர் வந்தது. அதன்பின் டி-சட்டையும் இடுப்பு ஏப்ரனும் போதும் என்றானது. ஹோவர்ட் ஜான்சன்ஸ் 1979இல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, பிறகு துண்டு துண்டாகி, லேக் ஜார்ஜ் ஊரிலிருந்த கடைசி உணவகமும் 2022இல் மூடப்பட்டது.

இப்போது உங்கள் உடை. காலர் அருகிலுள்ள லேபிளில் ‘100% நைலான்’ என்று அச்சிட்டிருப்பதாகவும், ஆர்.என். (நிறுவனத்தின் பதிவு எண் என்று பொருள்) என்ற எழுத்துகளோடு ஐந்திலக்க எண் இருப்பதாகவும், எப்படித் துவைப்பது என்ற குறிப்பு எங்கும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இழையின் பெயரையும் விழுக்காட்டையும் லேபிளில் போடக் கட்டாயப்படுத்திய சட்டம் 1960இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் விளம்பரத்துக்காகச் சிலர் போட்டதுண்டு என்பதால் இது தனியாகத் தீர்ப்பாகாது. ஆனால் ஐந்திலக்க ஆர்.என். எண்களை அமெரிக்க வணிக ஆணையம் வழங்கத் தொடங்கியது 1959இல். ஆகவே உங்கள் உடை அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை என்றே சொல்லலாம். துவைக்கும் முறையைத் தைத்துத் தர வேண்டும் என்ற விதி 1972இல் வந்தது. அது இல்லாததால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. 1960கள் என்று நான் சொல்வது இந்தக் கணக்கில்தான். ஆர்.என். எண்ணை ஆணையத்தின் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். தைத்த அல்லது விற்ற நிறுவனத்தின் பெயர் கிடைக்கும், தைத்த வருடம் கிடைக்காது.

எந்த உணவகம் என்பதற்கு, உணவகத்தின் பெயரோ சின்னமோ நெய்த பட்டை வேண்டும், அல்லது அது பிரித்தெடுக்கப்பட்ட தையல் தடம் வேண்டும். இடது மார்பைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் பல முறை ஊசி குத்திய நுண்துளைகள் நெருக்கமாக இருந்தால், பெயர்ப் பட்டையோ கைக்குட்டையோ அங்கே நாள்தோறும் குத்தப்பட்டிருக்கிறது. பரிமாறிய பெண்ணின் உடை என்பதற்கு அது நல்ல அடையாளம். மார்புப் பையின் உள்மடிப்பைத் திருப்பிப் பென்சில் கரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அது அழகு நிலையத்திலிருந்து வந்திருக்கும் வாய்ப்பே அதிகம். விற்றவரிடம் ஹோவர்ட் ஜான்சன்ஸ் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்திருந்தால், அந்தப் பகுதியை மட்டும் திருப்பிக் கேட்பதில் நியாயம் உண்டு. நைலான் என்பதால் சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்துவிடாதீர்கள்.